பனி உருகும் வாரத்தில் மணாலி: நெல்லையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

மாசி முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான். பனியும் பார்க்கணும், மரமெல்லாம் பூத்து நிற்கிறதையும் பார்க்கணும், எந்தத் தேதியில் மணாலி போனால் ரெண்டும் கிடைக்கும்? கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் அவிழ்த்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். மலையில் வசந்தம் தேதி பார்த்து வருவதில்லை. பள்ளத்தாக்கின் அடியில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக மேலே ஏறிப் போகிறது. அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தை.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன், எனக்கு இது விளங்கியது மாஞ்சோலை பாதையில்தான். மணிமுத்தாறு அணைப் பக்கம் சட்டை முதுகில் ஒட்டும். அதே நாள், அதே பஸ், வளைந்து வளைந்து மேலே போனதும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இமயத்திலும் கணக்கு இதேதான், ஏற வேண்டிய படிகள்தான் அதிகம். ஹிமாச்சலில் மணாலி போகிற வழியில் இருக்கும் குலு டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர், நக்கர் சுமார் 1,800, மணாலி 2,050, அதற்கு மேலே சோலாங் 2,500ஐ ஒட்டி, அடல் சுரங்கப்பாதையின் வாசல் 3,060, ரோதாங் கணவாய் 3,978. நம் அகத்தியமலை உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மணாலியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பொதிகை உச்சிக்கு மேலே நிற்கிறீர்கள்.

ஆக, மார்ச் கடைசியில் ஒரே நாளில் குலுவில் கோதுமை பச்சையாக நிற்கும், நக்கரில் பிளம் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கும், மணாலியில் வீட்டுக்குப் பின்பக்க நிழலில் மட்டும் அழுக்குப் பனி கிடக்கும், சோலாங்கில் முழங்கால் வரை பனி இருக்கும், சுரங்கத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து லாஹூல் பள்ளத்தாக்குக்குள் போனால் அசல் குளிர்காலம். சில மணி நேர கார் பயணத்துக்குள் மூன்று பருவம். இது தெரியாமல் "ஏப்ரல் முதல் வாரம் போனோம், மணாலியில் பனியே இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த வாரம்

பனியும் பூவும் ரெண்டும் வேண்டும் என்றால் மார்ச் 25லிருந்து ஏப்ரல் 15க்குள் வையுங்கள். முதல் பாதியில் பனி அதிகம், பூவில் வாதுமை, பாதாமி, பிளம், பீச் வகைகள். பிற்பாதியில் ஆப்பிள் பூக்கத் தொடங்கும், பனி மேலே ஏறிவிட்டிருக்கும். ஆப்பிள் பூதான் முக்கியம் என்றால் ஏப்ரல் பத்துக்கு மேல் போங்கள். மே, ஜூன் வேண்டாம், அப்போது வட இந்தியா முழுக்க அங்கேதான் இருக்கும், ரூம் வாடகையும் ஏறிவிடும்.

ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருக்காது. நமக்கு மழை கொடுப்பது இரண்டு பருவக்காற்று. அவர்களுக்குப் பனி கொடுப்பது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறு என்கிற காற்றழுத்தத் தாழ்வு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அது அடுத்தடுத்து வரும், சில வருடம் ஏப்ரலிலும் ஒன்று எட்டிப் பார்க்கும். அப்படி வந்தால் பூத்த மரத்தின் மேலேயே பனி விழும். பார்க்க வருகிறவர்களுக்கு அது அற்புதம், தோட்டக்காரருக்கு அந்த வருடக் கஷ்டம் அங்கிருந்து தொடங்குகிறது. கிளம்புவதற்கு மூணு நாள் முன்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிம்லா மைய அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு என்று நம்மூர் மழைக்குச் சொல்கிற அதே நிறங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் மனப்பாடம் செய்தோம், மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று. பாளையங்கோட்டை வெயிலில் நின்றுகொண்டு சித்திரையை இளவேனில் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. மணாலியில் ஒரு பங்குனிக் காலையில் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தபோதுதான் பின்பனி என்ற சொல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. பகல் நீளுவதும் அங்கே கண்ணுக்குத் தெரியும். நெல்லையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், நாம் கவனிப்பதே இல்லை. மணாலியில் அது ஏறத்தாழ நாலு மணி நேரம். குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்த மக்கள் மார்ச்சில் வெயிலுக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வசந்தத்துக்கு ஏன் அத்தனை கொண்டாட்டம் என்று புரிந்துவிடும்.

போகிற வழி

நெல்லை ஜங்ஷனிலிருந்து நேராக டெல்லி போக திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, கன்னியாகுமரியில் கிளம்பி நிஜாமுதீன் போய்ச் சேரும், இரண்டு ராத்திரி ரயிலிலேயே போகும். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, அந்தக் காலையிலேயே போட்டுவிடுங்கள். நேரம் இல்லாதவர்கள் தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானத்தில் டெல்லி போகலாம். டெல்லியிலிருந்து மணாலி 500 கிலோமீட்டருக்கு மேல், சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை இறக்கிவிடும் பஸ்கள் நிறைய உண்டு. காஷ்மீரி கேட் நிலையத்திலிருந்து ஹிமாச்சல் அரசுப் பேருந்தே போகிறது. மண்டி தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம், வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டாகப் பார்த்துப் போடுங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

பேக்கேஜ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் முதல்முறை போனபோது ஒரு டிராவல்ஸில் பணம் கட்டினோம், மார்ச் மாதத்தில் ரோதாங் கூட்டிப் போவதாக எழுதியே கொடுத்திருந்தார்கள். அங்கே போன பிறகுதான் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும், எல்லைச் சாலை அமைப்பு பனியை வெட்டித் திறக்கவே பெரும்பாலும் மே மாதம் ஆகிவிடும் என்று தெரிந்தது. எழுபது வயது ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், அவ்வளவு தூரம் வந்தும் இல்லையா என்று அவள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதனால் சொல்கிறேன், மார்ச், ஏப்ரலில் ரோதாங் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்த பிறகும் அதற்கு ஆன்லைன் பெர்மிட் வேண்டும், வண்டிகளுக்குத் தினசரி எண்ணிக்கை உண்டு, செவ்வாய்க்கிழமை விடமாட்டார்கள். அடல் சுரங்கம் வேறு விஷயம். 2020 அக்டோபரில் திறந்தது, 9.02 கிலோமீட்டர், பெர்மிட் தேவையில்லை. புதுப்பனி கொட்டினால் மட்டும் போலீஸ் சோலாங்கிலேயே வண்டியைத் திருப்பிவிடும், அப்போது வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

துணிமணி, பெட்டி

நம்மூரில் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்குவது. மப்ளர் கட்டினால் போதும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக்கூட மணாலிக் குளிர் வேறு ரகம். ஆனால் அதற்காக டவுனில் போய் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு கனமான கோட்டு வாங்காதீர்கள். பகலில் வெயில் அடிக்கும்போது 15 டிகிரி வரும், கோட்டைக் கழற்றினால் உள்ளே பனியன் மட்டும் என்றால் நடுங்குவீர்கள். அடுக்கடுக்காகப் போடுங்கள்: உள்ளே தெர்மல், அதன் மேல் முழுக்கைக் கம்பளி, அதன் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜெர்கின். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்று, இறங்கினால் போடு. உருகுகிற பருவத்தில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. பனிச்சகதியில் நனைந்த பருத்திச் சாக்ஸ் காயவே காயாது, அதனால் ஆளுக்கு நாலு ஜோடி கம்பளிச் சாக்ஸ் வையுங்கள்.

பனியில் விளையாடப் போடும் முழு உடுப்பும் ரப்பர் பூட்ஸும் சோலாங் போகிற வழியெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கொடுக்கிற பூட்ஸை நின்ற இடத்திலேயே போட்டு நடந்து பாருங்கள், கட்டைவிரல் முட்டினால் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே ஈரமாக இருந்தாலும் மாற்றுங்கள், முன்னால் போட்டவர் நனைத்தது காயாமலே உங்களுக்கு வந்திருக்கும்.

கூலிங் கிளாஸ் அலங்காரத்துக்கு இல்லை. புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மேலே இருந்தும் கீழே இருந்தும் வெயில். கண்ணாடி இல்லாமல் அரை நாள் நின்றால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தும், சிலருக்குக் கொஞ்ச நேரம் பார்வையே மங்கும். பிள்ளைகளுக்கும் கட்டாயம் வாங்குங்கள். சன்ஸ்கிரீன் மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் தடவ வேண்டும், வெளிச்சம் அங்கேதான் கீழிருந்து அடிக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சுக்கு, கருப்பட்டி போதும். மாவு கொண்டுபோய்ப் புளிக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் குளிரில் புளிக்காது. சோறும் லேசில் வேகாது, 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இருந்தால்தான் நடக்கும். அங்கே கிடைப்பதைச் சாப்பிடுவது நல்லது. சித்து என்று ஒன்று இருக்கிறது, புளித்த கோதுமை மாவுக்குள் அக்ரோட்டு, கசகசா வைத்து ஆவியில் வேகவைத்து நெய் ஊற்றித் தருவார்கள், கொழுக்கட்டை தின்று வளர்ந்த நமக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். தேங்காயெண்ணெய் முதல் ராத்திரியிலேயே பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோன அல்வாவும் அப்படித்தான் ஆனது. பெட்டியைத் திறந்தால் மேலே நெய் வெள்ளையாக உறைந்து தகடு மாதிரி நின்றது, விரலால் தட்டினால் சத்தம் வந்தது. ஹோட்டல்காரர் அதைத் தந்தூர் அடுப்பின் விளிம்பில் இரண்டு நிமிடம் வைத்தார், ஓரத்திலிருந்து மெல்ல மினுங்கிக்கொண்டு இளகி, உள்ளே சிவப்பு தெரிந்து, பழைய அல்வா ஆனது. அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம்.

முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள்

பஸ்ஸில் தூங்காமல் வந்து அன்றைக்கே சோலாங் ஓடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. 2,050 மீட்டரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் 2,500ஐத் தாண்டியதும் உடம்பு காற்றைத் தேடத் தொடங்கும். முதல் நாள் தூங்குங்கள், வெந்நீர் நிறையக் குடியுங்கள், சாயங்காலம் தேவதாரு மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஹிடிம்பா தேவி கோயிலுக்கு மெதுவாக நடந்து போய் வாருங்கள். நம் பீமன் மனைவி இடும்பிக்கு 1553ல் கட்டின மரக்கோயில் அது. மறுநாள் சோலாங், அதற்கு மறுநாள் சுரங்கம் தாண்டி லாஹூல். மேலே போனபோது தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், கீழே இறங்குவதுதான் மருந்து. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய நோய் இருக்கிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

ராத்திரி ரூமில் கரி அடுப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கரி எரித்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மின்சார ஹீட்டரோ, வெந்நீர்ப் பையோ போதும். இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

பனியில் நடப்பது

ஆச்சி முதன்முதலில் பனியைப் பார்த்தது சோலாங் பாதையில். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏல, உப்பளத்துல குமிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். தூத்துக்குடி ரோட்டில் உப்புக் குவியலைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும். உருகுகிற காலத்துப் பனி பஞ்சு மாதிரி இருக்காது, பகலில் இளகி ராத்திரி இறுகி, இளகி இறுகி, கல்லுப்பு போலப் பரல் பரலாக ஆகிவிடும்.

இந்த இளகுவதும் இறுகுவதும்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி, நாள் முழுக்க உங்கள் நேரக்கணக்கே அதன்படிதான் நடக்கணும். காலை ஒன்பது மணி வரை தார்ரோட்டில் கண்ணாடித் தகடு மாதிரி பனிக்கட்டி இருக்கும், ஈரம் என்று நினைத்துக் கால் வைப்பீர்கள். எங்கள் அப்பா டீ குடிக்கப் போய் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. காலையில் வெயில் விழுந்த பக்கமாக நடங்கள், பாதம் முழுக்கத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக, கையை ஜெர்கின் பாக்கெட்டில் விடாமல். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம், பனி உறுதியாகவும் இருக்கும், வழுக்கவும் செய்யாது. பிள்ளைகள் விளையாட்டு, சறுக்கு, போட்டோ எல்லாம் அதற்குள் முடியட்டும். மதியத்துக்கு மேல் எல்லாம் இளகிவிடும், கால் முழங்கால் வரை உள்ளே போகும், சரிவுகளில் ஈரப்பனி பாரம் தாங்காமல் சரிந்து வருவதும் அந்த நேரத்தில்தான் அதிகம். செங்குத்துச் சரிவுக்கு அடியில் மதியம் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அது எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி.

ஓடை மேல் மூடியிருக்கும் பனி இன்னும் ஆபத்து. மேலே பார்த்தால் சமதரை, அடியில் தண்ணீர் அரித்து அரித்துப் பொந்தாகியிருக்கும். நிற்கிற இடத்துக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வந்த தடத்திலேயே பின்னால் போங்கள். பியாஸ் ஆற்றங்கரைக்கும் இதே எச்சரிக்கை. காலையில் பாறை பாறையாகத் தாண்டி நடு ஆற்றுக்குப் போகலாம் போலிருக்கும், வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் உயரும். கீழ்ப்பகுதியில் அணைகளும் இருக்கின்றன, 2014 ஜூனில் மண்டி மாவட்டத்தில் அணைத் தண்ணீர் திறந்தபோது பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் போய்விட்டார்கள். குற்றாலத்தில் அருவி கலங்கியதும் ஒதுங்கி நிற்கத் தெரிந்த நமக்கு, இங்கே தண்ணீர் கலங்காமலே ஏறும் என்பது தெரியாது. ஆற்றைக் கரையிலிருந்தே பாருங்கள்.

வசந்தத்தை எங்கே பார்ப்பது

பனி விளையாட்டோடு முடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒரு முழு நாளைச் சும்மா நடப்பதற்கு ஒதுக்குங்கள். தெற்கே பார்த்த சரிவில் வெயில் நேராக விழும், அங்கே பனி முதலில் போய்விடும். எதிரே வடக்கே பார்த்த சரிவில் இன்னும் ஒரு மாதம் கிடக்கும். நடுவில் ஆறு, இந்தக் கரையில் புல், அந்தக் கரையில் பனி. மரத்தைச் சுற்றிப் பாருங்கள், அடிமரம் வெயிலைக் குடித்துச் சூடாகி, வட்டமாகக் குழிபோலப் பனி உருகியிருக்கும், தரை முதலில் தெரிவது அந்த வட்டத்தில்தான். பனியின் விளிம்பை ஒட்டி, போன வருடத்துச் சருகுக்கு நடுவில், ஊதா நிறத்தில் பந்து பந்தாகச் சின்னப் பூ எட்டிப் பார்க்கும். விரற்கடை உயரம்தான் இருக்கும், மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும். காட்டுக்குள் சிவப்பாகப் பூத்து நிற்பது புரான்ஷ், நீலகிரி மேட்டில் நாம் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் சொந்தக்காரன். அந்தப் பூவில் சர்பத் போட்டு விற்பார்கள், ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள்.

ஆப்பிள் தோட்டத்துக்கு நக்கர் பக்கம் போங்கள். குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் வந்தது 1870ல், பந்த்ரோலில் லீ என்கிற ஆங்கிலேய ராணுவக் கேப்டன் நட்டதிலிருந்து. நம்மூரில் ஆப்பிள் ஏன் காய்க்காது என்று சின்ன வயதில் கேட்டிருப்போம், காரணம் குளிர்காலக் கணக்கு: மரம் தூங்கி எழ 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 800லிருந்து 1,200 மணி நேரம் வேண்டும். அந்தக் குளிரை முழுசாக வாங்கிக்கொண்டால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். குளிர் குறைந்த வருடத்தில் பூ முன்னும் பின்னுமாக வந்து விளைச்சல் கெடும். பூங்கொத்து ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள், ஐந்தாறு மொட்டு, வெளியே ரோஸ், உள்ளே வெள்ளை, நடுவில் இருக்கும் ஒன்று மட்டும் முதலில் விரிந்து மற்றவை அதைச் சுற்றி இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும். நல்ல பெரிய காய் பெரும்பாலும் அந்த நடுப்பூவில்தான் பிடிக்கும். ஒரு மரத்தில் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி வேறு மரத்துப் பூங்கிளையைச் சொருகித் தொங்கவிட்டிருந்தார்கள், நான் முதலில் ஏதோ வேண்டுதல் என்றே நினைத்தேன். தேனீ மகரந்தத்தைப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மரத்தடியில் தேனீப் பெட்டிகளும் வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் தோட்டத்துக்குள் போகும் முன் கட்டாயம் கேளுங்கள், ஒரு நமஸ்தே போதும், பெரும்பாலும் சரி என்பார்கள், சில வீட்டில் டீயும் வரும். கிளையை வளைத்து போட்டோ எடுக்காதீர்கள், ஒரு கொத்து உதிர்ந்தால் ஒரு ஆப்பிள் போச்சு. தேனீப் பெட்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஏப்ரலில் ரோட்டில் ஆட்டு மந்தை வண்டியை மறித்தால் கோபப்படாமல் இறங்கிப் பாருங்கள். கத்தி (Gaddi) என்கிற மலை இனத்து இடையர்கள், குளிர்காலத்தைத் தாழ்வான மலைகளில் கழித்துவிட்டுப் பனி விலக விலக மந்தையோடு மேலே ஏறுகிறவர்கள். வசந்தம் ஏறுகிற வேகத்தில் அவர்களும் ஏறுகிறார்கள், புல் முளைக்கும் இடத்துக்கு ஆடு போய்ச் சேர வேண்டுமே. வழியில் வயல்காரர்கள் எருவுக்காக மந்தையைத் தங்க வைப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இடையரோடு பேச மொழிகூடத் தேவைப்படாது. எங்கள் சித்தப்பா கையால் காட்டியே எத்தனை ஆடு, எத்தனை நாள் நடை என்று விசாரித்துவிட்டார்.

ஏப்ரல் 14 வரை இருக்க முடிந்தால் இருங்கள். நமக்குச் சித்திரை விசு, பாபநாசத்தில் சிவன் அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுக்கிற நாள். ஹிமாச்சலிலும் அந்த நாள் திருவிழாதான், சில மாவட்டங்களில் அதன் பெயரே பிஷு. கயிலாயத்தில் கல்யாணக் கூட்டத்தால் வடக்கு தாழ்ந்து, அகத்தியர் பொதிகைக்கு நடந்து வந்தார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன், அவர் கிளம்பிய பக்கத்து மலையில் அதே நாளில் நிற்கும்போது மனசு நிறைந்துவிட்டது.

திரும்பும்போது

இறங்கும் பயணத்தை மட்டும் பகலில் வையுங்கள். எல்லாரும் நேரம் மிச்சம் என்று ராத்திரி பஸ் ஏறிவிடுகிறார்கள், அதில் பாதியை இழக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு மணாலியில் கிளம்பினால் அங்கே மொட்டு, நக்கர் எதிரில் வரும்போது பூ, குலுவில் இளம் இலை, மண்டியில் காய் பிடித்த மரம், அதற்கும் கீழே சுந்தர்நகர் தாண்டியதும் கோதுமை மஞ்சளாகத் திரும்பியிருக்கும். பூந்தரில் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள், மண்டியில் தெர்மலை. அதற்காகத் தனிப் பை ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டி பஸ் அடியில் போய்விடும். சாயங்காலம் சண்டிகரில் ஃபேன் சுற்றும். டெல்லியில் ரயில் ஏறி, இரண்டு ராத்திரி கழித்து ஜங்ஷனில் இறங்கினால் பதநீர் வந்திருக்கும்.

ஈரமான பூட்ஸ், சாக்ஸ் இருந்தால் பெட்டியிலேயே விட்டுவிடாமல் அன்றைக்கே எடுத்து மாடியில் காயப் போடுங்கள், நம்மூர் வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்.